ஏறத்தான் தெரியாது

அம்சவல்லிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்; ஏறத்தான் தெரியாது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் அது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு, மரக்காணம் உப்பளத்துக்குப் போய்வர அவளாகவே பழகிக்கொண்டாள். ஆள் குள்ளம், சீட்டோ துருப்பிடித்து உயரத்திலேயே நின்றுவிட்டது. கல், படி என்று எதன் மீதாவது காலை ஊன்றித்தான் ஏறுவாள். ஏறிவிட்டால் காற்று மாதிரி போவாள். இந்தக் குறை யாருக்கும் தெரியக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தாள்.

மழைக்கு உப்பளம் மூடிக் கிடந்த சமயம், பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஹசீனா வந்தாள். குயிலாப்பாளையத்துப் பெண்கள் சிலர் மரக்காணம் வழியாக, பெரிய ரோட்டை விட்டு ஊர்ப் பாதையிலேயே பெருமுக்கல் மலைவரை சைக்கிளில் போகிறார்களாம்.

"உன் பேரையும் குடுத்துட்டேன்க்கா."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா நீ வந்துடுவியா?"

புறப்படும்போது வாசல்படி இருந்தது, ஏறிக்கொண்டாள். ஏரிக்கரை, நெல்வயல், ஏறி இறங்கும் செம்மண் மேடு, எதிரே ஒரு வண்டி கிடையாது. இத்தனை வருஷத்தில் வெள்ளை உப்பையே பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை போதவில்லை. மற்றவர்கள் டீக்கு நின்றார்கள். இவள், "மெதுவா போயிட்டே இருக்கேன்" என்று நகர்ந்துவிட்டாள். இளநீருக்கும் நிற்கவில்லை.

"அந்த அக்காவுக்குக் களைப்பே கிடையாது போல" என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

மலை தெரிகிற கடைசி மேட்டில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. குதித்து இறங்க வேண்டியதாயிற்று. ஆடுகள் போய்விட்டன. சுற்றிலும் பார்த்தாள், ஏறுவதற்கு ஒரு கல் இல்லை. சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள்.

முதலில் வந்து சேர்ந்தவள் ஹசீனா. பார்த்ததும் புரிந்துவிட்டது.

"அடிப்பாவி, இதுக்குத்தான் டீ கூட குடிக்கலயா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எல்லாரும் இப்படித்தான் சிரிப்பாங்கன்னு..."

"நான் சிரிச்சிட்டேன் இல்ல, முடிஞ்சுது. ஏறு." தன் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, பின்னால் கேரியரை இறுக்கிப் பிடித்தாள்.

அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். "என்னாச்சுக்கா?" என்றாள் ஒருத்தி. செயின் கழண்டுவிட்டது என்று சொல்ல ஹசீனா வாயெடுத்தாள்.

"எனக்கு ஓட்டத்தான் தெரியும்மா, ஏறத் தெரியாது" என்றாள் அம்சவல்லி.

கேட்டவள் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள். அம்சவல்லி ஏறி உட்கார்ந்தாள். மலையடியில் இறங்கி, ஆற அமர இரண்டு டீ குடித்தாள்.