தெய்வானை அக்கா சொன்ன கடைசிக் காட்சி

போன வாரம் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பிள்ளை, போனில் ஒரு பழைய நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வயதிருக்கும். கொழும்பில் துணிக்கடை வேலை, லீவுக்கு நோர்வூட்டுக்குப் போகிறாளாம். மழைக்கு ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்ததால் பஸ் முழுக்க ஈரச்சட்டை வாடை. அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது தப்புத்தான். ஆனால் நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மிச்சப் படிப்பெல்லாம் மற்றவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துப் படித்ததுதான். பழக்கம் விடவில்லை.

போனில் ஒரு பெண் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தாள். கோழி ஓடுகிற மாதிரி குடுகுடுவென்று இறங்கினாள்.

“ஏன் புள்ள இப்பிடி ஓடுறா?”

“ஸ்பீட கூட்டி வச்சிருக்கேன் அங்கிள். இல்லாட்டி பாக்க ஏலாது. ஒரு படி எறங்க ஒரு நாளாகுது.”

அப்போதுதான் அந்த முகத்தை அடையாளம் கண்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு வருடம் முழுக்க நான் தினமும் பார்த்த முகம். அவள் சேலை சிவப்பு என்பது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. எங்கள் டீவியில் அது சாம்பல் நிறமாக இருந்தது.

மூக்கில் உடனே பெட்டரி அசிட் வாடை வந்துவிட்டது. என்ன செய்வது, எனக்கு அந்த நாடகமென்றால் அந்த வாடைதான். ஹட்டனில் பேக்கரி, பட்டிப்பொலையில் மரக்கறி மூட்டை, துரைமார் கிளப்பில் டென்னிஸ் தரைக்கு ரோலர் இழுப்பது என்று ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றியவன், அந்த வருடம் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என் சொந்த அக்கா வீட்டில் ஒதுங்கியிருந்தேன். வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்குக் கரண்ட் வரவில்லை. முனியாண்டி அண்ணனின் ஒற்றையறைக் காம்பராவில் மட்டும் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டீவி. அது கார் பெட்டரியில் ஓடும். வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்டரியைத் தோளில் வைத்து ஹனிபா நானாவின் கடைக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வருவது என் வேலை. தோளில் சாக்கு போட்டுக்கொள்வேன். அப்படியும் அசிட் பட்டு என் சட்டைகள் அத்தனையும் சல்லடை.

“தம்பி, ஒரு கெழமைக்கு ஒரு சார்ஜ்தான்,” என்பார் நானா. “நியூஸும் நாடகமும் பாத்தா போதும். அதுக்கு மேல ஆசப்பட்டா அது படுத்துரும். எங்கிட்ட வந்து அழுவக் கூடாது.”

அதனால் லயத்தில் ஒரு சட்டம் இருந்தது. செய்தியில் தலைப்பு மட்டும். பிறகு டீவியை அணைத்து, நாடக நேரத்துக்குத்தான் திரும்பப் போடுவது. தலைப்பு முடிந்து வாசிப்பவர் வணக்கம் சொன்னால் முனியாண்டி அண்ணன் எழுந்து நின்று பதில் வணக்கம் சொல்லித்தான் சுவிட்சைத் திருப்புவார். “மூஞ்சப் பாத்து கும்புடுறாரு, பதில் சொல்லாட்டி நல்லாருக்குமா?” என்பார். அந்தத் தலைப்புகளில் எங்கள் மலை வருவது மண் சரிந்தால் மட்டும்தான். இருந்தாலும் அந்தச் செய்தியின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். மறுநாள் முழுக்க மலையிலும் கொழுந்து நிறுக்கிற இடத்திலும் அதைப் பேசி மெல்லுவோம். இப்போது என் போன் நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு ‘அவசரம்’ என்கிறது. ஒன்றைப் படிப்பதற்குள் அடுத்தது வந்து மூடிவிடுகிறது. நேற்று என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பழைய நாடகங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள் என்று சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் முப்பது பேரோடு உட்கார்ந்து நாடகம் பார்க்காதவர்கள். முதல் தடவை முன்வரிசைக்கு. இரண்டாவது நடுவில் இருப்பவர்களுக்கு. மூன்றாவது, வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு. எங்கோ சென்னையில் இருந்து அதை எடுத்தவர்கள் எங்கள் காம்பராவின் அகலத்தை அளந்துதான் எடுத்திருக்க வேண்டும்.

நாடகத்தை நேரில் பார்த்தவர்களை விட, கேட்டவர்கள்தான் அதிகம். மறுநாள் காலை கொழுந்து மலையில் எங்கள் லயத்துத் தெய்வானை அக்கா முதல்நாள் கதையைச் சொல்லுவார். கை கொழுந்தைப் பறிக்கும், வாய் கதை சொல்லும், நிரை பிசகாது. பக்கத்து நிரைப் பெண்களும், கொழுந்து மூட்டை தூக்கப் போகும் நானும் காதைக் கொடுத்துக்கொண்டே வருவோம். மாமியார் குரல் வேறு, மருமகள் குரல் வேறு. கங்காணி கிட்டே வந்து சத்தம் போடுவார். கொஞ்ச நேரத்தில், “சரி சரி, அந்தக் கெழவி அப்புறம் என்னா சொன்னா?” என்று அவரே கேட்பார். நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ பேச்சாளர்களைக் கேட்டுவிட்டேன். அக்காவுக்குக் கிட்டே நிற்க ஒருவருமில்லை.

நாடகக் கதை இதுதான். புருஷன் வேறொருத்தியோடு வெளிநாடு போய்விட்டான். ‘நம்ம புள்ள’ என்று எங்கள் பெண்கள் கூப்பிட்ட கதாநாயகி, பெரிய மாடிவீட்டில் அவனில்லாமல் இருக்கிறாள். கடைசி வாரத்தில் அவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். வெள்ளிக்கிழமை கடைசிக் காட்சி. திறப்பாளா, மாட்டாளா?

அந்தக் கேள்வி எங்கள் லயத்தில் வெறும் நாடகக் கேள்வியாக இருக்கவில்லை. தெய்வானை அக்காவின் புருஷனும் கொழும்புக்கு வேலைக்கென்று போய் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர். ஒருதரம் திரும்பி வந்து, ஆறு மாதம் இருந்து, அக்காவின் காதுத் தோட்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி போனவர். இப்போது ஆடித் திருவிழாவுக்கு வருகிறேன், இனிமேல் இங்கேயேதான் என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். சேர்த்துக்கொள் என்று லயத்தில் பாதிப் பேர், வேண்டாம் என்று மீதிப் பேர். அக்கா எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

“வெள்ளிக்கெழம வரட்டும்டி. நம்ம புள்ள கதவத் தொறந்தா நானும் தொறக்குறேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கூடையைக் கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

இனி என் பங்கு. ரோலர் இழுத்த காலத்தில் டென்னிஸ் என்மேல் தொற்றிக்கொண்டது. மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் அதைப் போல நியாயமான விளையாட்டு இல்லை என்பது இன்றும் என் கருத்து. நேரம் முடிந்ததென்று மணி அடித்து அனுப்பமாட்டார்கள். கடைசிப் புள்ளி விழும்வரை தோற்பவனுக்கும் வழி இருக்கிறது. அதைவிடப் பெரிது, பந்து போடும்போது முதல் அடி தப்பினால் இன்னொரு அடிக்கு இடம் கொடுப்பது. எந்தத் தோட்டத்துத் துரை அப்படிக் கொடுத்தார்? இதை ஒருநாள் அக்காவிடம் விளக்கினேன்.

“ரெண்டாவதையும் வலையில அடிச்சா?”

“பாயிண்டு போச்சுக்கா. அடுத்தவங்களுக்கு.”

“அப்ப சரியான வெளயாட்டுதான்,” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் லண்டனில் புல்தரை டென்னிஸ் போட்டி. முனியாண்டி அண்ணன் வேலை முடிந்து செய்தி நேரத்துக்குத்தான் வருவார், அதற்குள் ஒரு கால் மணி நேரம் பார்த்துவிட்டு அணைக்கலாம் என்று டீவியைப் போட்டேன். கறுப்பு வெள்ளையில் பந்து தெரியாது. பார்ப்பவர்களின் தலை திரும்பும் பக்கத்தை வைத்துப் பந்து எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்குப் பிடித்த ஆள் இரண்டு செட் தோற்று, மூன்றாவதை எடுத்துவிட்டான். அணைக்க மனம் வருமா? அப்போது அங்கே மழை. தரை நனையாமல் மூடப் படங்கை இழுத்துப் போட்டார்கள். அப்போதாவது அணைத்திருக்கலாம். அணைத்த நேரத்தில் ஆட்டம் தொடங்கிவிட்டால்? ஒரு மணி நேரத்துக்கு மேல், லண்டன் படங்கின் மேல் லண்டன் மழை பெய்வதை, கூரைத் தகரத்தில் மஸ்கெலியா மழை கொட்டக் கொட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. கடைசியில் இன்றைக்கு ஆட்டமில்லை, மிச்சம் நாளைக்கு என்றுவிட்டார்கள்.

செய்தி நேரத்தில் காம்பரா நிறைந்தது. அக்கா முகம் கழுவி, பூ வைத்து, முன்வரிசையில். வாசிப்பவர் வணக்கம் சொல்லும்போதே படம் நாலு பக்கமும் சுருங்கத் தொடங்கியது. நாடகத்தின் பாட்டு வந்தபோது கதாநாயகி தீப்பெட்டி அளவுக்கு இருந்தாள். பிறகு ஒரு வெள்ளைப் புள்ளி. பிறகு அதுவும் இல்லை.

“மழக்கு பெட்டரி எறங்கிருச்சு போல,” என்றேன்.

முனியாண்டி அண்ணன் டீவியின் தலையில் கையை வைத்தார். “மழக்கா? பெட்டி அடுப்பு மாதிரி கொதிக்குது. எவன்டா இம்புட்டு நேரம் போட்டது?”

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னேன். ஒருத்தி, “வெள்ளக்காரன் பந்தடிக்க எங்க பெட்டரியா கேட்டுச்சு?” என்றாள். என் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். தோட்டத்தின் கீழ் டிவிஷனில் இருக்கும் இன்னொரு டீவிக்கு ஓடலாமென்றால் இருட்டில், அந்த மழையில், மூன்று மைல்கட்டை தூரம்.

தெய்வானை அக்கா மட்டும் அணைந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குப்பி லாம்பைக் கிட்டே இழுத்து வைத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அவன் தட்டுறான்,” என்று ஆரம்பித்தார். “மழ. தலையெல்லாம் நனஞ்சு நிக்கிறான். இவ உள்ள நிக்கிறா. கை கதவுக் கொண்டிக்கிட்ட போவுது. போயி நிக்குது.”

பின்வரிசையில் இருந்தவர்கள் முட்டி போட்டு எழுந்தார்கள்.

“தொறக்கல. அடுப்ப பத்த வச்சா. தேயிலத் தூளப் போட்டு சாயத்தண்ணி ஊத்துனா. சன்னலத் தொறந்து கிளாஸ வெளிய நீட்டுனா. ‘நனஞ்சு வந்திருக்கீங்க, குடிங்க. குடிச்சிட்டு கிளாஸ அங்கயே வச்சிட்டுப் போங்க’ன்னா. அவ்வளவுதான். அவன் குடிச்சான். வச்சான். போனான்.”

ஒரு கிழவி, “அப்பிடிப் போடு,” என்றாள். சில பேர் அழுதார்கள். சேர்த்துக்கொள் என்று அதுவரை சொன்னவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. நாடகத்தில் அது மூன்று மாடி வீடு. வேலைக்காரர் நாலு பேர். அக்கா சொன்ன வீட்டில் கதவுக்குப் பக்கத்திலேயே அடுப்பும், கைக்கு எட்டும் சன்னலும் இருந்தன. அது எந்த வீடு என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாள் மலையில், கீழ் டிவிஷன் பெண்கள் வந்து கதாநாயகி கதவைத் திறந்துவிட்டாள் என்றார்கள். எங்கள் பெண்கள் விடவில்லை. “ஒங்க டீவியில தப்பா போட்டுட்டாங்கடி,” என்று சாதித்தார்கள்.

ஆடித் திருவிழாவன்று அக்காவின் புருஷன் வந்தார். மழை இல்லை, வெயில். சன்னல் திறந்தது, கிளாஸ் வெளியே வந்தது. அவர் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். நான் அடுத்த காம்பரா வாசலில் நின்றிருந்தேன். அக்கா என்னைக் கூப்பிட்டு, “தம்பி, ரெண்டாவதையும் வலையிலதான் அடிச்சாரு,” என்றார். அந்த ஒரு கிளாஸை மூன்று தடவை கழுவினார். அதையும் பார்த்தேன்.

பஸ்ஸில் அந்தப் பிள்ளையிடம் கடைசிக் காட்சியைப் போடச் சொன்னேன். கதாநாயகி மூன்று மாடியும் ஓடி வந்து, கதவைத் திறந்து, அவன் காலில் விழுந்தாள். மூன்று தடவை காட்டினார்கள். கலர் நன்றாகத்தான் இருந்தது.

“நல்ல முடிவு, என்னா அங்கிள்?”

“இது இல்ல புள்ள முடிவு.”

“அப்ப?”

அவள் காதிலிருந்த வயரைக் கழற்றினாள். நான் பெட்டரியிலிருந்து ஆரம்பித்தேன். வழக்கம்போல லண்டன் மழையில் கொஞ்சம் அதிகமாக நின்றுவிட்டேன். அக்கா லாம்பை இழுத்து வைத்து, கை கொண்டிக்குப் போகிற இடத்தில் நோர்வூட் வந்துவிட்டது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“மிச்சத்த நாளைக்கு சொல்லுங்க அங்கிள்,” என்று சிரித்துக்கொண்டே இறங்கிப்போனாள்.

ஹனிபா நானாவின் கடையில் இப்போது போன் உறைகள் தொங்குகின்றன. தெய்வானை அக்கா காலமாகி ஆறு வருடமாகிறது. லயத்தில் காம்பராவுக்கு ஒரு டீவி. அதெல்லாம் நல்லதுதான். பெட்டரி சுமந்தவன் கரண்டைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் மிச்சம் நாளைக்கு என்று யாராவது சொன்னால், நாளைக்கு அதே மலையில், அதே நிரையில், பக்கத்திலேயே அவர் இருப்பார்.