பித்தமும் பித்தும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்ட இன்னும் பதினைந்து நாள் இருந்த சமயத்தில் நடந்தது இது. நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம். எனக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. என் மனைவி மலையில் கொழுந்து எடுப்பவள். பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில். வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பிரா அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

அந்த வருடம் அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. எங்கள் ஊர்க் குளிருக்கு நான் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடப்பேன். அவளோ பாதம் எரிகிறதென்று காலை வெளியே நீட்டிச் சிமெண்டுத் தரையில் வைத்திருப்பாள். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், எல்லாவற்றுக்கும் மேலே கோபம். தேத்தண்ணி ஆறினால் கோபம், நான் செருப்பைக் குறுக்கே விட்டால் கோபம்.

டவுனில் இருக்கும் ஆயுர்வேத வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் மிஸ் சிங்களவர். என் மனைவிக்குச் சிங்களம் வராது. எனக்கு வரும் என்று எனக்கு ஒரு நினைப்பு. கடைத்தெருவில் விலை பேசிப் பழகிய சிங்களம்தான். மிஸ் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பசி, தூக்கம், கோபம் எல்லாம் விசாரித்தார். மருந்து வாங்கும் வரிசைக்கு அவளை அனுப்பிவிட்டு என்னிடம், "பித் வெடி" என்றார். பிறகு 'ஹித' என்று சேர்த்து இன்னும் என்னவோ சொன்னார்.

ஹித என்றால் மனம். வெடி என்றால் அதிகம். இரண்டும் எனக்குத் தெரியும். அப்படியானால் பித் என்பது? நம் தமிழில் இருக்கிறதே, பித்து! பைத்தியத்துக்குச் சிங்களத்தில் பிஸ்ஸு என்பார்கள். பெரிய படிப்புப் படித்தவர், முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல மனம் வராமல் மரியாதையான சொல்லாகப் பார்த்துச் சொல்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். திருப்பிக் கேட்டால் சிங்களம் தெரியாதவன் ஆகிவிடுவேனே! தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் அவள் கேட்டாள். "என்னவாங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. சூட்டு உடம்பாம்" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவைத்தேன்.

அன்றிலிருந்து என் நடவடிக்கையே மாறிப்போனது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கூரைச் சந்தில் ஒளித்துவைத்தேன். காய் வெட்டும் கத்தியையும் மறைத்தேன். அவள் எதைச் சொன்னாலும் சரி சரி என்றேன். "என்ன, எதையாச்சும் ஒடச்சுப்புட்டீங்களா? இம்புட்டு நல்லவரா இருக்கீங்க?" என்று சந்தேகமாகப் பார்த்தாள். நான் அம்மனுக்குத் தேங்காய் உடைத்து, அவளுக்குப் புத்தி தெளியவேண்டும் என்று கண்ணீர்விட்டு வேண்டினேன். அதோடு நின்றிருக்கலாம். மனப்பாரம் தாங்காமல் பக்கத்துக் காம்பிராவில் இருந்த அவளுடைய அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மச்சான் அவர் மனைவியிடம் சொன்னார். அவ்வளவுதான்.

நாலாம் நாள் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனவள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். கோயில் கமிட்டிக்காரர் வீட்டு அம்மா, இந்த வருடம் அவள் பால்குடம் எடுக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் சின்னவன் காய்ச்சலில் பிழைத்து எழும்பியதிலிருந்து ஒரு வருடமும் விடாமல் அவள் எடுக்கும் பால்குடம் அது.

"எனக்குப் பித்தா?" என்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"டொக்டர் மிஸ்தான்…"

"அந்தம்மா எங்கிட்ட சொல்லலையே. நாளைக்கு நான் வேலைக்குப் போகல. மொத பஸ்ஸுக்கு வாங்க. எம் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும். பித்துன்னு சொன்னா நானே பால்குடத்த விட்டுர்றேன். இல்லேன்னா ஒரு பய என்னையத் தடுக்க முடியாது."

மறுநாள் போனோம். மருந்து கொடுக்கிற தமிழ்ப் பெண்ணை இவளே கையோடு உள்ளே அழைத்துப் போய், "கண்ணு, நான் கேக்கறத ஒரு வார்த்த விடாம அவங்ககிட்ட கேளு" என்றாள். அந்தப் பெண் கேட்டதும் டொக்டர் மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் பாதி ஆளாகிவிட்டேன்.

மிஸ் சொல்லச் சொல்ல அந்தப் பெண் தமிழில் சொன்னாள். வாதம், பித்தம், கபம் என்று மூன்றும் எல்லாருக்குள்ளேயும் உண்டு. ஆளுக்கு ஆள் அளவுதான் வித்தியாசம். அதை வைத்துத்தான் உடம்பின் சுபாவமும் மனதின் சுபாவமும் அமைகிறது. இவளுக்குப் பித்தம் தூக்கல். நெருப்புச் சுபாவம். வேலையில் சுறுசுறுப்பு, நல்ல பசி, நேரம் தவறினால் பொறுக்காது. அது அளவு மீறும்போது எரிச்சல், புளிப்பு, தூக்கமின்மை, கோபம். மனமும் சூடாகிவிடும். அன்றைக்கு என்னிடம் சொன்ன 'பித்' இந்தப் பித்தம்தான், பித்து இல்லை.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?" என்று மிஸ் கேட்டார்.

"வெறுந்தேத்தண்ணி. அப்புறம் பகல் ரெண்டு மணிக்கு ரொட்டியும் மொளகா இடிச்ச கட்டச் சம்பலும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் அவள் சுடும் ரொட்டியில் சூடானதை நான் தின்றுவிட்டுப் போவேன். அவள் தனக்குரியதைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஓடுவாள். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட, நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்டதில்லை. நேரத்துக்குச் சாப்பாடு, உறைப்பும் புளிப்பும் குறைவு, நன்னாரி அவித்த தண்ணீர் என்று மிஸ் எழுதிக் கொடுத்தார். பிறகு வெடித்துப்போன என் கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எனக்கு வாத உடம்பு, காற்றுச் சுபாவம் என்றார்.

"காத்தா? அதான் ஒரு வார்த்தைய லயம் பூரா பறக்க விட்டுட்டாரு" என்றாள் இவள். வெளியே வந்ததும், "பொய் சொல்றதா நெனச்சு சொன்னீங்க பாருங்க, சூட்டு உடம்புன்னு. அது ஒண்ணுதான் உண்ம" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள்.

அந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து திருநீறு வாங்கி நின்ற அத்தனை பேர் முன்னாலும் நான் பேசினேன். நான் பேசிப் பழக்கமில்லாதவன். "எம் பொஞ்சாதிக்கு ஒரு கொறையும் இல்ல. அர கொற சிங்களத்த வச்சுக்கிட்டு தப்பா வெளங்கினது நான்தான். தப்பு என்னோடது. அவ பால்குடம் எடுப்பா" என்றேன். கமிட்டித் தலைவர், "அதான் சொல்லிட்டீங்களே, விடுங்கண்ணே" என்றார். நான் விடவில்லை. கோயிலுக்கு வராதவர்களும் இருக்கிறார்களே. லயத்தில் ஒரு காம்பிரா விடாமல் ஏறி இறங்கிச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒரு தங்கச்சி, "அண்ணே, ஒங்களுக்குத்தான் மொதல்ல வைத்தியம் பாக்கணும்" என்றாள். வாங்கிக்கொண்டேன். என் மனைவி பட்டதைவிட அது பெரிதில்லை.

திருவிழா அன்று மஞ்சள் சேலையில் அவள் பால்குடத்தோடு வந்தாள். அம்மன் காலில் பால் இறங்கும்போது நான் எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. இனி கேட்காமல் முடிவு கட்டமாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

இப்போது காலையில் முதல் ரொட்டி அவளுக்கு. அவள் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை நான் வாசலை விட்டு இறங்குவதில்லை. அவளுடைய கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். யாராவது ஒருவரைப் பற்றி, "அவங்க கொணமே அப்படித்தான்" என்று என்னிடம் சொல்ல வந்தால், நேரத்துக்குச் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று அவர்களிடமே போய்க் கேட்கத்தான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.