வீங்கிய காம்புக்கு ஓய்வு கொடுத்தேன்

மல்லசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். போன மாதம் எங்கள் பசு செவலைக்கு ஒரு காம்பு வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. தொட்டாலே காலை உதறியது. பார்க்கப் பாவமாக இருந்ததால், "ரெண்டு நாளைக்கு அந்தக் காம்பைப் பீச்ச வேண்டாம்மா, ஓய்வு கொடுப்போம்" என்றேன். வீட்டிலேயே முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் அம்மாவும் அந்தக் காம்பை விட்டுவிட்டே கறந்தார்.

மறுநாள் மடி கல்லாட்டம் இறுகி, காய்ச்சலில் செவலை தீனியைத் தொடவில்லை. கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். "கிருமியோட சண்டை போட வெள்ளை அணுக்கள் மடிக்கு வருதுங்க. செத்த அணுக்களும் திரிஞ்ச பாலும்தான் அந்தத் திரி. அதைப் பீச்சி வெளியேத்தாம அடைச்சு வெச்சா எப்படிங்க?"

"படிச்ச பையன் சொன்னானுங்களே!" என்றார் அம்மா.

"கொஞ்சம் பொறுத்துக்க சாமி" என்று செவலையைத் தடவிக்கொண்டே அடிக்கடி பீச்சினோம். காம்பு தப்பியது. இப்போது முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டு, வெள்ளைத் திரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கறக்கிறேன். திரி தெரிந்தால், என் யோசனையைச் சொல்லும் முன் மருத்துவருக்குப் போன் செய்கிறேன்.