மூடுகிற உரிமை

மேனாம்பேட்டுச் சொர்ணத்துக்கு வியாபாரம் தெரியாது என்று சொல்பவர்கள் முதலில் வாயைக் கழுவிக்கொள்ளட்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் கம்பெனியில் நட்டு போல்ட் பொறுக்கிப் பெட்டியில் அடுக்குகிறவள்தான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் 1969-ல் அவள் கேட்ட கேள்வியை வக்கீல்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

புருஷன் உத்தமன் சிங்கப்பூர் போய் நாலு வருஷம். கூலிக்கு மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டியது போதும், சொந்தமாகக் கடை போடுகிறேன் என்று எழுதியிருந்தான். தன் பேரில் மட்டும் பதியலாம், கூட்டுச் சேரலாம், இல்லையென்றால் லிமிடெட் கம்பெனி ஆரம்பிக்கலாம். எது நல்லது என்று கலந்து எழுதச் சொல்லியிருந்தான். கடிதத்தைப் படித்துக் காட்டிய அண்ணன் துலுக்கானம், கம்பெனிதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். நஷ்டம் வந்தாலும் கடன் வீட்டுப்படி ஏறாதாம்.

சொர்ணம் எல்லாம் கேட்டுவிட்டு, "இந்த மூணுல எத்த சீக்கிரமா மூடலாம்?" என்றாள்.

"இன்னாம்மே, தொறக்கறதுக்கு முன்னாடியே மூடறதப் பத்திக் கேக்குற?"

"தொறந்தா தொறந்துகினேதான் இருப்பாரு அண்ணே. எனுக்கு அவரு ஊட்டுக்கு வரணும்."

தனியாள் கடையைத்தான் சட்டென்று மூடலாம் என்றார் துலுக்கானம். அவள் சொன்னதை அப்படியே எழுதிப் போட்டார்.

ஆறு வாரம் பதில் இல்லை. நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசிவிட்டோமோ என்று சொர்ணம் சோறு இறங்காமல் தவித்தாள். ஏழாம் வாரம் ரிஜிஸ்தர் தபாலில் கூட்டுப் பத்திரம் வந்தது. ஒரு கூட்டாளி உத்தமன், இன்னொரு கூட்டாளி சொர்ணம். கூடவே ஒரு கடிதம்.

"என் பேர்ல மட்டும் போட்டா மூடறது என் இஷ்டம். காசு பாத்தா என் மனசு மாறிடும், எனக்கே தெரியும். இந்தப் பத்திரப்படி ரெண்டு பேர்ல யாரு எழுதிக் குடுத்தாலும் கடைய மூடியாகணும். எப்ப வேணும்னாலும் நீ எழுது."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நைலக்ஸ் சேலை, செண்டு பாட்டில் என்று எத்தனையோ அனுப்பியிருக்கிறான். இப்படி ஒன்றை அனுப்பியதில்லை. கையெழுத்துப் போட்டாள். ஐந்து வருஷம் நடத்தட்டும் என்று அண்ணனை எழுதச் சொன்னாள்.

கடை நன்றாகவே ஓடியது. இனி அவன் எங்கே வரப்போகிறான் என்று அக்கம்பக்கம் பேசியது. ஐந்து வருஷம் முடிந்த மறுநாள் சொர்ணம் தபாலாபீஸுக்குப் போய், எழுத்துக் கூட்டித் தன் கையாலேயே எழுதினாள்: "கடைய மூடறேன். வந்துடுங்க."

இரண்டாம் மாதம் அம்பத்தூர் ஸ்டேஷனில் உத்தமன் வந்து இறங்கினான். அந்தக் கடிதம் அவன் சட்டைப் பையில் இருந்தது.