பலாவுக்குக் கெஞ்சியவள்

நேற்றைய புயலில் பலாக்கிளை முறிந்து, மகள் படுத்திருந்த அறைமேல் விழுந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் மரத்தையே எடுத்துவிட ஆள் அழைத்தேன். முதல் வெட்டிலேயே பால் வாசனை வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது, சிதம்பரத்தில் எங்கள் வீட்டுப் பலா காய்க்காமலே நின்றது. "இந்த வருஷமும் காய்க்கலன்னா வெட்டிப்புடுவேன்" என்று அப்பா கோடாலியால் தட்டி மிரட்டுவார். "உட்ருங்க, அடுத்த வருஷம் காய்க்கும்" என்று அம்மா கெஞ்ச வேண்டும்; மரம் பயந்து காய்க்கும் என்று ஒரு வழக்கம். ஒரு வருஷம் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமென்று நம்பி நான்தான் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"நீ அழுதா மரத்துக்கு எப்புடிடி பயம் வரும்?" என்றார் அப்பா.

மறு வருஷம் அடிமரத்திலேயே காய் தொங்கியது.

"அடியோட சாய்ச்சிடலாமாக்கா?" என்று கேட்டார் மரம் வெட்டுபவர்.

"கூரைப் பக்கத்துக் கிளைய மட்டும் கழிச்சிடுங்க. மரத்த உட்ருங்க," என்றேன். "அடுத்த வருஷம் காய்க்கும்."