சதுப்பில் இறங்கிய கள்ளத்தோணி

மற்றக் காவல்காரர்களுக்குத் திருடன் வந்தால்தான் தொல்லை. என் காவலில் திருடனே கிடையாது, ஆனாலும் நான் பயந்து செத்த நாட்களுக்குக் குறைவில்லை. காவல் வேலை பார்த்து நொந்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

வாச்சர்

தலவாக்கலைக்கு மேலே, எங்கள் தோட்டத்தின் அடிவாரத்தில் தேயிலை பிடிக்காத ஒரு சதுப்பு இருந்தது. ஐப்பசியில் அங்கே உள்ளான் குருவிகள் வந்து இறங்கும். அங்கே யாரும் சுடக்கூடாது என்று தோட்டத்தை நடத்தும் பெரிய துரை உத்தரவு போட்டார். ஒருநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில், எல்லோர் முன்னிலையிலும் என்னைக் குருவி வாச்சர் ஆக்கினார்.

தோட்டத்தில் வாச்சர் என்றால் விரட்டுகிறவன். நானோ மரக்கறிப் பாத்தியில் குருவி விரட்டியே பழகியவன். தகரத்தைத் தட்டி, மதியத்துக்குள் சதுப்பில் ஒரு குருவி இல்லாமல் செய்துவிட்டேன். துரை தூரக்கண்ணாடியோடு வந்து வெறும் தண்ணீரைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கில் தகரத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"நான் பாக்கச் சொன்னது. நீ வெரட்டினது."

பேர் வைத்தது

நல்ல வேளை, மறுவாரம் அவை திரும்பி வந்தன. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் முத்தையா அண்ணன் காலில் அட்டையைப் பிடுங்கிக்கொண்டே, இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கடல் தாண்டி வருகிறதாம், துரை சொன்னார் என்றேன்.

அப்போது நான் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். இதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன் நான். ஆனாலும் இந்தியாவிலிருந்து திருட்டுப் படகில் வந்தவர்கள் என்று டவுனில் எங்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை அண்ணன் குருவிக்குச் சூட்டினார். சிரித்தேன், உள்ளே சுருக்கென்றது. அன்று முதல் குருவியைச் சொல்ல என் வாயிலும் அந்தப் பட்டப்பெயர்தான் வந்தது.

"பாஸ்போட்டு இல்லாம கடல் தாண்டி வந்துச்சுன்னா, அதுவும் கள்ளத்தோணிதான் தம்பி."

டெலிபோன்

அடுத்த ஐப்பசியில் முதல் கூட்டம் இறங்கியதும், ஹட்டனுக்குப் போயிருந்த துரைக்குத் தெரிவிக்க ஆபீசுக்கு ஓடினேன். யாழ்ப்பாணத்திலிருந்து அந்த வாரம்தான் வந்திருந்த கிளாக்கரையாவிடம், "கள்ளத்தோணி நாப்பது எறங்கியிருக்குங்க, புல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கு, ஒடனே சொல்லிடுங்க" என்றேன். அவர் வெலவெலத்துப்போய் டெலிபோனை எடுத்தார். சொன்னது துரைக்கு அல்ல, பொலிசுக்கு.

ஒரு மணி நேரத்தில் ஜீப் வந்தது. தடியோடு சதுப்பில் இறங்கிய சார்ஜன் முழங்கால் வரை புதைந்தார். நாற்பது உள்ளானும் ஒன்றாகக் கிளம்பின. "அதுதாங்க" என்று மேலே கையைக் காட்டினேன். அவர் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அது போனது. நீ இருக்கிறதுதானே. துண்டு எங்க?"

பதில்

பிரஜாவுரிமைத் துண்டு இல்லாதவனை ஸ்டேஷன் மரவாங்கில் உட்காரவைத்தார்கள். பொழுது சாயுமுன் துரை வந்து மீட்டார். கூடவே வந்த கிளாக்கரையா, "நீர் குருவியெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

அந்த மாதமே பிரஜாவுரிமைக்குப் பதில் வந்தது. அப்பா இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி இல்லையாம், மறுத்துவிட்டார்கள். துரை எழுதிவரும் குருவிப் புத்தகத்தில் ஒவ்வொரு குருவியும் வந்த தேதி, போன தேதி எல்லாம் இருக்கும். என் அப்பா பிறந்ததை ஒருவரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. துரை கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"உள்ளான் சித்திரையில வீட்டுக்குப் போறது. நீ எங்க போறது?"

கடல் தாண்டி வந்ததையெல்லாம் ஐப்பசிதோறும் வரவேற்ற அந்தச் சதுப்பில், ஹட்டனைத் தாண்டாத நான் ஒருவன்தான் கள்ளத்தோணி.