புள்ளியை மட்டும் பார்க்கச் சொன்ன அப்பா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் புறப்பட்டு, சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் டேனிஷ் பெண், அப்பா விடியற்காலையில் நித்திரையிலேயே போய்விட்டார் என்று மெல்லச் சொன்னாள். நான் தமிழில் "ஓம்" என்றேன். அது அவளுக்கு விளங்கியிருக்க நியாயமில்லை. எனக்கும் அப்போது வேறு பாஷை வரவில்லை.

டென்மார்க்கில், எங்கள் கோல்டிங் நகரில் அவரை எல்லோரும் சூசை அண்ணை என்பார்கள். இறைச்சித் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை உழைத்தவர். ஞாயிறு பூசையில் எல்லோருக்கும் ஒரு வரி முன்னதாகப் பாடி முடித்துவிட்டு, மற்றவர்கள் பிந்திவிட்டதுபோலத் திரும்பிப் பார்ப்பவர். மன்னார்ப் பக்கம் வயல் செய்த காலத்தில், பயிரை உழக்க வரும் பன்றிகளைச் சுட லைசென்சோடு ஒரு துவக்கு வைத்திருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

ஒரே ஒரு அண்ணன் எனக்கு, ஜூட். டியூசன் முடிந்து திரும்பி வரும்போது இராணுவத்தின் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மிஞ்சிய மூவரும் எண்பதுகளின் நடுவில் டென்மார்க் வந்து சேர்ந்தோம். எனக்குப் பதினைந்து வயது. அம்மா அழுதுகொண்டிருந்தார். அப்பா வேலைக்குப் போய் வந்தார். நான் ஊருக்குத் திரும்பி, இராணுவத்தோடு சண்டை பிடிக்கும் இயக்கத்துக்குப் போவதென்று முடிவு செய்திருந்தேன்.

எங்கள் மாடிக் குடியிருப்பில் கீழ் வீட்டில் இருந்த பௌல் என்ற டேனிஷ்காரர், பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தின் நிலவறையில் இருந்த சுடும் கழகத்தை நடத்தி வந்தார். அங்கே பிள்ளைகள் பாயில் குப்புறப் படுத்து, சிறு துப்பாக்கியால் அட்டையிலுள்ள கறுப்புப் புள்ளியைச் சுடுவார்கள். நம்மூரில் பிள்ளைகளைச் சங்கீதத்துக்கு விடுவதுபோல இங்கே இதற்கு விடுகிறார்கள். பௌல் என்னையும் வரச் சொன்னார். வீட்டில் கேட்டேன். அம்மா கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டார்.

"கட்டிக்குடுக்கிற வயசிலை பொம்பிளைப் பிள்ளைக்குத் துவக்கோ? இஞ்சேருங்கோ, நீங்களாவது சொல்லுங்கோ."

அப்பா என்னை நெடுநேரம் பார்த்தார். என் மனதில் இருந்ததை அவர் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். வேண்டாம் என்றால் ஒளித்துப் போவேன் என்பதையும்தான்.

"பழகட்டும். ஆனால் நான்தான் பழக்குவன்" என்றார்.

பௌலின் மகள் படிக்க வேறு நகரம் போயிருந்ததால், அவளுடைய துப்பாக்கி கழக அலுமாரியில் சும்மா கிடந்தது. அதுதான் என் முதல் துப்பாக்கி. முதல் சில வாரங்கள் அப்பா தோட்டாவே தரவில்லை. வெறுந்துப்பாக்கியோடு படுக்கவும், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தவும், விசையிலிருந்து விரலை எடுக்கவும் பழக்கினார். பக்கத்துப் பாய்களில் பத்து வயதுப் பொடியன்கள் சுட்டுத் தள்ள, நான் கொதித்துக்கொண்டு கிடப்பேன். தோட்டா தந்த பிறகும் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கேள்வி வைத்திருந்தார்.

"ஆரைப் பார்த்தனி?"

"புள்ளியை அப்பா."

"சரி. அடுத்ததைப் போடு."

ஊர் வாய் சும்மா இருக்குமா? இந்த நாட்டில் இருந்த தமிழர் கொஞ்சப் பேர்தான், ஆனாலும் கோல்டிங்கில் ஒருவர் தும்மினால் நாட்டின் மறுகோடியில் புரொண்பியில் மருந்து காய்ச்சுகிற காலம் அது. சூசை அண்ணை மகளை இயக்கத்துக்குத் தயார் பண்ணுகிறாராம் என்று கதை பரவியது. வீட்டுக்கு வந்து போனவர்கள் வராமல் விட்டார்கள். ஒருநாள் பூசை முடிந்து வெளியே நிற்கையில் ஒருவர் நேரே கேட்டார்.

"அண்ணை, பிள்ளையை ஆருக்குப் பழக்கிறியள்?"

"எனக்கு" என்றார் அப்பா. கேட்டவருக்கு அது விளங்கவில்லை. அன்று எனக்கும் விளங்கவில்லை.

விளங்கியது அந்தக் குளிர் மாரிகாலத்தின் கடைசியில். அன்றைக்கு என் அட்டையில் அத்தனையும் நடுப்புள்ளியில் விழுந்திருந்தன. பௌல் அட்டையை எல்லோருக்கும் காட்டிக் கைதட்டினார். அப்பா பாயருகே குந்தி, வழக்கம்போலக் கேட்டார்.

"ஆரைப் பார்த்தனி?"

அவ்வளவு சந்தோஷத்தில் எனக்குப் பொய் வரவில்லை.

"அண்ணாவைக் கொண்டுபோன ஆமிக்காரனை."

அப்பா என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார். வெறுமையா என்று பார்த்து, எட்டத்தில் வைத்தார். பிறகு அந்தச் சீமெந்துத் தரையில் அப்படியே இருந்துவிட்டார். பௌல் கிட்ட வந்து, ஏதோ விளங்கியவர்போல மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

"பௌல் எத்தனை தரம் என்னைச் சுடச் சொல்லிக் கேட்டவர். ஒருநாளும் நான் சுடேல்லை, கவனிச்சனியோ?" என்றார் அப்பா. "நான் துவக்கோடை படுத்தாலும் அவன்ரை முகம்தான் பிள்ளை வரும். எனக்கு இனி அது மாறாது. உனக்கு மாறவேணும். புள்ளி புள்ளியாத் தெரியுமட்டும் நாங்கள் இஞ்சை வருவம். எத்தினை வருசம் எண்டாலும் வருவம்." பிறகு, "எனக்கு நீ ஒராள்தான் மிச்சம்" என்றார்.

அப்பா அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணாவின் செய்தி வந்த நாளில்கூட அவர் அழவில்லை. அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு நானும் அழுதேன். நான் இயக்கத்துக்குப் போகவில்லை. அந்த முகம் போக எனக்கு இரண்டு மாரிகாலம் எடுத்தது. அதுவரை அப்பா, தொழிற்சாலையில் நின்று களைத்த காலோடு, ஒரு கிழமையும் தவறாமல் என் பாயருகே குந்தியிருந்தார். அந்தக் காலின் வலி கடைசிவரை அவரை விடவில்லை.

சனிக்கிழமை அவரை அடக்கம் செய்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பாதிரியார் செபம் சொல்லி முடித்து, சொந்தப் பிள்ளைகள் முதலில் மண் போடலாம் என்றார். பிள்ளைகள் என்று பன்மையில்தான் சொன்னார். நான் தனியாக முன்னால் போனேன். அண்ணாவுக்கு மண் போட எங்களில் ஒருவருக்கும் கொடுத்துவைக்கவில்லை. அப்பாவுக்கு என் கையால் போட்டேன். ஈரமண், விரல்களில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. மற்றக் கையால் வழித்துப் போட்டேன்.

போயிட்டு வாங்கோ அப்பா. அண்ணாவைக் கண்டால், தங்கச்சி வரப் பிந்தும் எண்டு சொல்லுங்கோ.